செவுள் பார்த்துப் பறித்த காளான்

1

எங்கள் வீட்டில் யாருக்கும் வேலை போகவில்லை. சோற்றுக்கு வழியில்லாமல் காட்டில் பொறுக்கித் தின்னும் நிலைமையும் வரவில்லை. இதை முதலில் எழுதிவிட்டு மற்றதைச் சொல்கிறேன். ஏனென்றால் போன வாரத்திலிருந்து எங்கள் சொந்த ஊர் புதுமடத்தில் எங்களைப் பற்றிப் பேச்சு வேறு மாதிரி ஓடுகிறது.

காரணம் ஒரு படம். என் வீட்டுக்காரர் ஹபீப் கையில் பிரம்புக் கூடையோடு காட்டில் நின்று பல்லைக் காட்டுகிறார். கூடை நிறையக் காளான். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவரே போட்ட படம். போட்ட கொஞ்ச நேரத்தில் ஊரிலிருந்து என் லாத்தா கூப்பிட்டுவிட்டாள்.

“ஏண்டி பரீதா, மாப்பிள்ளைக்கு வேலை போயிருச்சா? கூடப்பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“வேலையெல்லாம் இருக்கு லாத்தா.”

“பின்ன எதுக்கு நாய்க்குடையப் பொறுக்குறாரு? வெக்கப்படாம சொல்லு. வாரவங்ககிட்ட கருவாடாச்சும் குடுத்து விடுறேன்.”

“இங்கன எல்லாரும் பொறுக்குறாங்க. பணக்காரங்கதான் கூடுதலாப் பொறுக்குறாங்க.”

“சுவிட்சர்லாந்துலயா? பேங்க் வச்சிருக்கவங்களா?”

“அவங்கதான்.”

லாத்தா குரலைத் தாழ்த்தி, “அப்ப நாடே நொடிச்சுப் போச்சா?” என்றாள்.

அவளிடம் சொல்லி முடியாது என்று ஃபோனை வைத்துவிட்டேன். படத்தில் இருப்பது வால்டர் பார்த்து, சரி என்று சொல்லி அனுப்பிய கூடை. வால்டர் யார், அவர் ஏன் எங்கள் கூடையைப் பார்க்கிறார், எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத இந்தக் காளான் என் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதெல்லாம் போன வருஷத்துக் கதை. மழை பெய்த மறுநாள் மணலில் குடை விரித்து நிற்பதைக் காலால் எத்திவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள் நான். எனக்கு இந்தத் தலைவிதி ஏன் வந்தது என்று நீங்களே படித்துச் சொல்லுங்கள்.

2

ஹபீப் கப்பல் எஞ்சின் ஃபிட்டர். துபாயில் இருந்தவரைக் கம்பெனி இங்கே தூக்கிப் போட்டது. கடலே இல்லாத நாட்டில் கப்பல் எஞ்சின் எதற்கு என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை. நான் இந்தச் சின்ன ஊரின் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், ஷிஃபா. கைக்குழந்தையாக வந்தவள் இன்று எங்களைவிட உயரம். தமிழ் பேசுவாள், ஆனால் நாங்கள் சத்தமாகப் பேசினால் பஸ்ஸில் தள்ளிப் போய் உட்காருவாள்.

இந்த நாட்டில் குடியுரிமை வேண்டுமென்றால் முதலில் ஊர்க் கமிட்டி சரி என்று சொல்ல வேண்டும். நம் ஜமாஅத் கூட்டம் மாதிரிதான். தெரிந்த முகங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தெரியாத முகம் மாதிரி நம்மைப் பார்க்கும். முதல் தடவை போனபோது ஹபீபைப் பார்த்து, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள்.

“தூங்குவேன்.”

இந்த ஊரில் யாரையெல்லாம் தெரியும் என்றார்கள்.

“பஸ் டிரைவரை.”

அந்த டிரைவரின் பெயர் கேட்டார்கள். தெரியவில்லை.

அடுத்து என் பக்கம் திரும்பி, ஊர்த் திருவிழாவுக்கு உங்களைப் பார்த்ததே இல்லையே என்றார் தலைவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எப்படிப் பார்ப்பீர்கள்? எல்லாரும் திருவிழாவுக்குப் போய்விட்டீர்கள். உங்கள் அம்மாவை நான்தான் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்” என்றேன். உண்மைதானே. ஆனால் கமிட்டியில் உண்மைக்கு மார்க் கிடையாது. ஊரோடு ஒட்டவில்லை, பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஷிஃபா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அடுத்த தடவையும் இப்படித்தான் பேசப் போறீங்களா? என் வயசுக்குத் தனியா அப்ளை பண்ணலாம். நான் பண்ணிக்கிறேன்.”

“பண்ணிட்டு?”

“நான் இந்த நாட்டுக்காரி ஆயிருவேன். நீங்க உங்க இஷ்டம்போல இருங்க.”

அதைக் கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன். அவள் நிதானமாகச் சொன்னாள், அதுதான் பயமாக இருந்தது. ஒரே சட்டியில் சோறு தின்கிற பிள்ளை. நாளைக்கு ஏர்போர்ட்டில் அவள் ஒரு வரிசையில் போவாள், நாங்கள் வேறு வரிசையில் நிற்போம். அந்தப் பக்கம் போய் எங்களுக்காகக் காத்திருப்பாளா, கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவாளா? இரண்டாவது கூட்டத்தில் தேறாவிட்டால் எங்கள் வீடு அன்றைக்கே இரண்டு நாடாகிவிடும் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

3

கீழ்வீட்டு ரூத்திடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. “வால்டரோடு காளான் பறிக்கப் போங்கள்” என்றாள்.

இந்த ஊரில் காட்டுக் காளான் பறிப்பவர்கள் அதைச் சமைப்பதற்கு முன்னால் ஊராட்சி வைத்திருக்கும் காளான் பரிசோதகரிடம் காட்டலாம். தின்னக்கூடியதா, ஆளைக் கொல்லக்கூடியதா என்று காசு வாங்காமல் பார்த்துச் சொல்வார். அந்தப் பரிசோதகர்தான் வால்டர். அவரே இலையுதிர் காலத்தில் ஊர்க்காரர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாடமும் நடத்துகிறார். அதைவிட முக்கியம், குடியுரிமைக் கமிட்டியிலும் அவர் ஒரு ஆள். சின்ன ஊரில் இருக்கிற நாலு பேர்தான் நாற்பது பதவியிலும் இருப்பார்கள். அது உலகம் முழுக்க ஒன்றுதான்.

காளானுக்குத் தடைக்காலம்கூட இருக்கிறது. மாதத்தின் முதல் நாள்களில் பறிக்கக் கூடாதாம். “நம்ம கடல்ல விசைப்படகுக்குப் போடுற மாதிரி!” என்று ஹபீபுக்கு அதைக் கேட்டதும் குஷி. அவருடைய வாப்பா, அதாவது என் மாமனார், புதுமடம் கரையில் மீன் ஏலம் விட்டவர். கரைக்கு வந்த மீனைத் தொடாமலே எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுவேன் என்று ஹபீபுக்கு ஒரு கர்வம். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கத் தாளைக் கிழித்து, கடைக்காரப் பெண்ணிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

தடை முடிந்த சனிக்கிழமை போனோம். ஷிஃபாவையும் இழுத்துக்கொண்டுதான். எங்கள் ஜெர்மன் கடை வீதிக்குப் போதும், காட்டுக்குப் போதாது.

வால்டர் ஒல்லியாக, நீளமாக, சிரிக்காத ஆள். அவர் கத்தியின் பின்முனையில் பல் தேய்க்கிற மாதிரி ஒரு பிரஷ் இருந்தது, மண் துடைக்க. முதலில் மோந்து பார்க்கச் சொன்னார். வயதில் பெரியவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், எல்லாரும் மண்டியிட்டு மூக்கை மண்ணில் வைத்து மோந்துகொண்டு போகிறார்கள். ஒன்றில் பச்சை மாவு வாசம் அடிக்குமாம், ஒன்றில் முள்ளங்கி வாசமாம். எனக்கு எல்லாவற்றிலும் ஈரச் சாக்கு வாசம்தான் அடித்தது.

சிவப்புத் தலையோடு ஒன்றை எடுத்து எல்லார் மூக்குக்கும் நீட்டினார் வால்டர். இது என்ன வாசம்? உருளைக்கிழங்கு என்றார் ஒருவர். நனைந்த கோட்டு என்றாள் ரூத். ஹபீப் ஒரே இழுப்பு இழுத்தார்.

“அவிச்ச நண்டு!”

ஷிஃபா அதை ஜெர்மனில் சொன்னாள். வால்டர் முதல் தடவையாகச் சிரித்தார். சரியாம். அந்த வாசம் இருந்தால் நல்ல காளானாம், தின்னலாமாம். எல்லாரும் ஹபீபின் முதுகில் தட்டினார்கள். ஷிஃபாகூட லேசாக நிமிர்ந்து நின்றாள். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. இதுவும் மீன் வியாபாரம்தான் என்று அந்த நிமிஷமே ஹபீப் முடிவு கட்டிவிட்டார்.

பிறகு ஆளுக்கொரு பக்கம் பறிக்கப் போனோம். ஷிஃபா முன்னால் போகிற கூட்டத்தோடு போய்விட்டாள். ஹபீப் ஒவ்வொரு காளானாக அதன் குடையைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்கிறார். பார்த்துப் பார்த்து நல்ல கொழுத்த காளானையெல்லாம் தூக்கி எறிகிறார்.

“மச்சான், அங்கன என்ன பாக்குறிய?”

“செவுளப் பாக்குறேன். இந்தா பாரு, வெளுத்துப்போயிருக்கு. ஐஸ்ல கிடந்த சரக்கு.”

“காளானுக்கு எங்க ஐஸு?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி. இதப் பாரு!” வெள்ளைத் தலையும் பருத்த காம்புமாக ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினார். அடிப்பக்கம் செக்கச் செவேலென்று இருந்தது. “இப்பத்தான் கரைக்கு வந்த சீலா மீனு மாதிரி இருக்குல்ல?”

நகத்தால் கீறினார். கீறிய இடம் கண்முன்னால் நீலமாக மாறியது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

“அல்லாவே, நீலமாகுது. கீழ போடுங்க.”

“நண்டு ரத்தம் என்ன கலரு?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“நீலந்தான். உசுரோட இருக்குன்னு அர்த்தம். மீனு பாத்து வளந்த கண்ணுடி இது. பேசாம கூடையப் பிடி.”

அந்த மரத்தடியைச் சுற்றி அதே ஜாதி கூட்டமாக முளைத்திருந்தது. கூடை நிறைய அதையே பறித்தார். வேறு ஒரு காளான் இல்லை.

4

பரிசோதனை நடப்பது தீயணைப்பு நிலையத்தில். வண்டி நிற்கிற கொட்டகையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, பக்கத்தில் ஒரு வாளி. ரேஷன் கடை வரிசை மாதிரி கூடையோடு நின்றோம். வால்டர் ஒவ்வொருவர் கூடையையும் கொட்டி, நல்லதை இந்தப் பக்கமும் ஆகாததை வாளியிலும் போட்டார். அவரவர் முணுமுணுத்துக்கொண்டு மிச்சத்தை வாங்கிப் போனார்கள்.

எங்கள் முறை வந்தது. ஹபீப் மாப்பிள்ளை வீட்டுச் சீர் மாதிரி கூடையை மேசையில் வைத்தார். வால்டர் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவதைப் பார்த்தார். பிறகு ஷிஃபாவிடம் ஏதோ சொன்னார்.

“வாப்பா, இதுக்குப் பேரு ஷைத்தானாம்.”

“அஊது பில்லாஹ்!” ஹபீப் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எது?” என்றார்.

“எல்லாமே.”

“ஒரு கூடை முழுக்கவா ஷைத்தான்?”

“தின்னா குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி வருமாம். ஆனா ரொம்ப அபூர்வமான காளானாம். இவர் வாழ்க்கையில இவ்வளவு மொத்தமாப் பாத்ததே இல்லையாம்.”

அவள் கடைசியாகச் சொன்னதை மட்டும் ஹபீப் பிடித்துக்கொண்டார். அதற்குள் வால்டர் எங்கள் காளானை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் வைக்கிறார். அபூர்வமானது என்பதால் உடையாமல், பூ மாதிரி வைக்கிறார். அதைப் பார்த்ததும் ஹபீபுக்குப் பழைய கரை ஞாபகம் வந்துவிட்டது.

“அபூர்வமா? அப்ப விலை கூடுன சரக்கு! ஏலே, யாருகிட்ட காட்டுற? எங்க வாப்பா பண்ணாத வேலையா இது? ஏலத்துக்கு முன்னாடி நல்ல மீனாப் பாத்துக் கால்ல தள்ளி, ஓலைப்பாய்க்கு அடியில வச்சவரு மகன்லே நான்! சாயங்காலம் அத வீட்டுக்குக் கொண்டு போயிப் பொரிச்சுத் திம்பாரு. வெள்ளைக்காரத் திருட்டுப் பயலே, வாளியக் கீழ வையி!”

என்ன சொல்கிறார் என்று வால்டர் ஷிஃபாவைப் பார்த்தார். ஷிஃபாவின் காது சிவந்துவிட்டது.

“என் அப்பாவுக்கு ஒரு சின்னச் சந்தேகம்” என்றாள் ஜெர்மனில்.

“இவ்வளவு நீளமாகவா?”

“தமிழ் கொஞ்சம் நீளமான மொழி.”

ஹபீப் அதற்குள் வாளியின் காதைப் பிடித்துவிட்டார். வால்டர் விடவில்லை. இதுதான் சட்டம், விஷமானதைத் திருப்பித் தர முடியாது என்று இழுக்கிறார். வாளி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போய்க் கவிழ்ந்தது. ஷைத்தானெல்லாம் தரையில் உருண்டு தீயணைப்பு வண்டிக்கு அடியில் போய்விட்டன. இவர் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகத் தரையில் குப்புறப் படுத்து வண்டிக்கு அடியில் கையை விட்டுத் தேடினார்கள். யாரோ படம் எடுத்தார்கள். நான் அந்த ஆளை முறைத்தேன், ஃபோனை உள்ளே வைத்துக்கொண்டான்.

திரும்பிப் பார்த்தால் ஷிஃபா இல்லை. நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். திங்கட்கிழமை காலையில், தனியாக அப்ளை பண்ணுவதற்கு என்னென்ன தாள் வேண்டும் என்று ஊராட்சி ஆபீசுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சமையலறையில் வந்து நின்று பேசினாள்.

ஹபீபிடம் ஒன்று மட்டும் கேட்டேன். “அந்தாளு கமிட்டியில இருக்காருன்னு தெரியும்ல?”

“தெரியும்.”

“பின்ன?”

“கோவத்துல மறந்துட்டேன்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

5

இரண்டாவது கூட்டத்துக்கு ஷிஃபா வந்தாள். வந்தாள் என்றால், எங்களுக்குப் பக்கத்து நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். மேசையின் ஓரத்தில் வால்டர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “ஒரு அதிகாரி ஒரு முடிவு எடுக்கிறார். அது உங்களுக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்வீர்கள்?”

எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் என்று ரூத் பிறகு சொன்னாள். எனக்கு அப்போது அந்த வாளிதான் ஞாபகம் வந்தது. ஹபீப் வாயைத் திறந்தார், நான் அவர் காலை மிதித்தேன். அதற்குள் வால்டர் கையைத் தூக்கினார்.

“நான் அந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்குத் தீயணைப்பு நிலையத்தில் உன் அப்பா ஒரு சின்னச் சந்தேகம் கேட்டார் என்றாய். அவர் உண்மையில் என்ன சொன்னார்?”

ஷிஃபா எங்களைப் பார்த்தாள். தனியாகப் போவதென்றால் அதுதான் நேரம். அவர் இப்படித்தான், எனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது.

“என்னவாம்?” என்றார் ஹபீப்.

“அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு கேக்குறார், வாப்பா.”

“சொல்லு. சொன்னது சொன்னதுதான.”

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்து ஜெர்மனில் சொல்லவில்லை, அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொன்னாள். புதுமடம் கரை, ஏலம், காலால் தள்ளுகிற மீன், ஓலைப்பாய், சாயங்காலம் பொரிப்பது, கடைசியில் வெள்ளைக்காரத் திருட்டுப் பயல். ஒன்றையும் விடவில்லை. ஹபீப் கையை ஆட்டிய மாதிரியே கையையும் ஆட்டினாள்.

வால்டர் மெதுவாகக் கேட்டார்.

“அந்தப் பாய்க்கு அடியில் யாரும் பார்க்க மாட்டார்களா?”

“தாத்தா அதன்மேல்தான் உட்கார்ந்திருப்பார்” என்றாள் ஷிஃபா.

தலைவர் திடீரென்று மேசையைத் தட்டினார். “அவர் கேட்டதில் என்ன தப்பு? போன தடவை என் மனைவியின் கூடையிலிருந்து நீ தூக்கி எறிந்தாயே வால்டர், அது நல்ல காளான்.”

“அதில் புழு இருந்தது.”

“புழு இல்லை!”

“என் கூடையிலும் எடுத்தாய்” என்றாள் கண்ணாடி போட்ட ஒரு பெண். “என் அப்பா சாகும்வரை உன்னோடு பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா?”

“உன் அப்பா சாகாமல் அவ்வளவு காலம் இருந்ததே நான் எடுத்ததால்தான்!”

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். எங்களை யாரும் பார்க்கவில்லை. ஹபீப் ஷிஃபாவின் பக்கம் குனிந்தார்.

“என்னம்மா சொல்றாங்க?”

“வால்டர் திருடன்னு சொல்றாங்க வாப்பா.”

“நான் அன்னைக்கே சொன்னேன்ல!”

சத்தம் ஓயக் கொஞ்ச நேரம் ஆனது. வால்டர்தான் முடித்துவைத்தார். “இந்த ஊரில் என்னோடு காளானுக்குச் சண்டை போடாத குடும்பமே கிடையாது. இவர்களும் போட்டுவிட்டார்கள். ஊரோடு ஒட்டவில்லை என்று இனி எப்படி எழுதுவது?” என்றார். தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ எழுதினார். எழுதிவிட்டு ஷிஃபாவைப் பார்த்தார்.

“நீ தனியாக விண்ணப்பிக்க ஆபீசில் விசாரித்திருக்கிறாய். உன் பெயரைப் பிரித்து எழுதவா, சேர்த்தா?”

“சேர்த்தே எழுதுங்கள்” என்றாள். “இவர்கள் இருவரையும் தனியாக விட்டால் அடுத்த வாரமே வேறு யாரோடாவது சண்டைக்குப் போவார்கள். அப்போது யார் மொழிபெயர்ப்பது?”

எங்கள் பக்கம் ஆட்சேபணை இல்லை, மூன்று பேரையும் மேலே அனுப்புகிறோம், நீங்கள் போகலாம் என்றார் தலைவர். ஹபீப் எல்லாருக்கும் கை கொடுத்தார். கமிட்டிக்காரர்கள் எழுந்து கோட்டை மாட்ட ஆரம்பித்தார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை.

“உம்மா, வாங்க. முடிஞ்சிருச்சு. குடுத்துட்டாங்க.”

“என்ன முடிஞ்சிருச்சு? என்னை ஒரு கேள்வி கேட்டாங்களா?”

அந்தக் கூட்டத்துக்காக ஒரு கோடைக்காலம் முழுக்கப் படித்திருந்தேன். இந்த நாட்டின் ஆறுகள், மலைகள், இருபத்தாறு மாநிலங்கள். முதியோர் இல்லத்தில் கிழவிகளுக்குத் தலை துவட்டிக்கொண்டே ஒப்பிப்பேன், உச்சரிப்பு பிசகினால் அவர்கள் திருத்துவார்கள். தலைவரின் அம்மாதான் ரொம்பக் கண்டிப்பு. கடைசியில் வாளி, வாந்தி, புழு என்று பேசி முடித்துவிட்டு என்னைப் போகச் சொல்கிறார்கள்.

“உம்மா, ப்ளீஸ்.”

“குடுத்தா ஆச்சா? படிச்சத நான் எங்கன கொண்டு போயிக் கொட்டுறது?”

தலைவரைப் பார்த்து, “உட்காருங்கள்” என்றேன். ஜெர்மனில்தான். ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக அவர் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள், வால்டர் உட்பட. நான் எழுந்து நின்று மாநிலங்களிலிருந்து ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் தாண்டி ஒரு மாநிலத்தில் வந்து நின்றுவிட்டது. நாக்கு நுனியில் இருக்கிறது, வரவில்லை. தலைவர் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார்.

“சொல்லாதீர்கள்” என்றாள் ஷிஃபா. தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். “அம்மாவே சொல்வார்கள்.”

சொன்னேன்.